சூரனைச் சாப்பிட்ட பதினாலு அம்மாக்கள்

மருதாணி இல்லீங்க அக்கா. மருதாணின்னா செவப்பாவில்ல இருக்கும். இது கேக்குல போடற பச்சைக் கலர். நேத்துலேர்ந்து அஞ்சு தடவை சோப்புப் போட்டாச்சு, தேங்காயெண்ணெய் தேச்சாச்சு, எலுமிச்சம்பழத் தோலை வெச்சும் தேச்சுப் பாத்தாச்சு. போக மாட்டேங்குது. நீங்க காந்திபுரத்துல பஸ் ஏறுனதுலேர்ந்து என் கையையே பாத்துட்டு வர்றீங்க, கேக்கவும் சங்கடப்படறீங்க. அதான் நானே சொல்லிட்டேன்.

சாதாரணமா நான் யாருகிட்டயும் பேச மாட்டேங்க. பக்கத்துல யாராவது வந்து உக்காந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். காலேஜுல மூணு வருஷம் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்த பொண்ணு, கடைசி நாள் ஆட்டோகிராஃப்ல என்ன எழுதினா தெரியுங்களா? 'உன் குரல் எப்படியிருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது.' அப்படி ஆளு நான்.

பூதம் பண்ணினோம். அந்தக் கலர்தான் இது. ஆமாங்க, பூதம். சாப்பிடற பூதம்.

சரவணம்பட்டியில ஒரு சின்னப் பிளே ஸ்கூல்ல மிஸ்ஸா இருக்கேன். எல்.கே.ஜி. பி செக்ஷன். பதினெட்டுப் பிள்ளைங்க. பிள்ளைங்ககிட்ட மட்டும் எனக்குப் பேச்சு வரும். அது என்னவோ, மூணடிக்குக் கீழ இருந்தா வரும். அதுக்கு மேல உயரமா யாராவது வந்து நின்னா தலை மட்டும்தான் ஆடும். சாயந்தரம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற அம்மாக்களைப் பாத்துத் தலையாட்டுவேன். 'இன்னிக்கு சாப்பிட்டாளா மிஸ்?'னு கேப்பாங்க. ஆட்டுவேன். 'அழுதாளா மிஸ்?' அதுக்கும் ஆட்டுவேன்.

எங்க கரஸ்பாண்டன்ட் சந்திரலேகா மேடம். நல்லவங்கதாங்க. குரல் மட்டும் பெருசு. கேட்டுகிட்ட நின்னு 'பழனாத்தா!'ன்னு ஆயாவைக் கூப்பிட்டா, உள்ள தூங்கிட்டிருக்கற பிள்ளைங்க எந்திரிச்சு 'பிரசன்ட் மேம்'னு சொல்லும். அக்டோபர் மாசம் ஆரம்பத்துல என்னை ரூமுக்குக் கூப்பிட்டாங்க.

"இலக்கியா, பி செக்ஷன் மிஸ்ஸுக்குப் பேச்சு வராதான்னு பேரண்ட்ஸ் கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

நான் தலையாட்டினேன்.

"ஆட்டாத. முப்பத்தொண்ணாம் தேதி ஹாலோவீன். உன் கிளாஸ் பிள்ளைங்களை வெச்சு பூதம் மாதிரி ஏதாச்சும் தின்பண்டம் பண்ணு. அம்மா அப்பா எல்லாம் வருவாங்க. மைக் புடிச்சு அஞ்சு நிமிஷம் பேசு. பேசினா அந்த கிளாஸ் உன்னோடது. பேசலைன்னா ஏ செக்ஷன் ஷெரினே ரெண்டு செக்ஷனையும் பாத்துக்கட்டும், நீ ஆபீஸ்ல உக்காந்து அட்மிஷன் ஃபாரம் பாரு."

அட்மிஷன் ஃபாரம் ஒண்ணும் மோசமான வேலை இல்லீங்க. மின்விசிறி இருக்கு, யாரும் மூக்கைத் துடைச்சு விடச் சொல்ல மாட்டாங்க. ஆனா ஆபீஸ்ல அந்தச் சேர்ல உக்காந்தா நேரா என் கிளாஸ் ஜன்னல் தெரியும். அதுதான்.

ஹாலோவீனா? அது வெளிநாட்டுல பேய்க்குக் கொண்டாடற பண்டிகைங்க. நம்ம ஊருல எதுக்குன்னு கேக்காதீங்க. பழனாத்தா அக்காவும் அதையேதான் கேட்டாங்க. "ஏனுங் மிஸ்ஸு, பேயை ஓட்டறதுக்குத்தான் நாம காசு குடுத்து ஆளைக் கூட்டியாருவோம். இவுங்க ஃபீஸு கட்டிப் பேயைக் கூட்டியாறாங்களா?"ன்னு.

அடுப்புக் கூடாதுன்னு மேடம் முதல்லயே சொல்லிட்டாங்க. பிள்ளைங்க இருக்கற இடத்துல தீக்குச்சிகூட இருக்கக் கூடாது. ஓவன், மிக்ஸி ஒண்ணும் கிடையாது. அதனால அடுப்பில்லாத பூதம். ரொம்ப சுலபம் அக்கா, வேணும்னா வீட்டுல பண்ணிப் பாருங்க. மாரி பிஸ்கட்டை ஒரு கவர்ல போட்டு வாயைக் கட்டிப் பூரிக்கட்டையால அடிக்கணும். பிள்ளைங்களுக்குப் பூரிக்கட்டையைக் குடுத்து 'அடி'ன்னு சொன்னா எப்படி இருக்கும்? விதுன்ங்கற பையன், பிஸ்கட்டை அடிச்சான், மேஜையை அடிச்சான், கடைசியில அவன் டிஃபன் டப்பாவையும் அடிச்சுட்டு 'இதும் தூளாகும் மிஸ்'னு சொல்றான். அந்தத் தூள்ல கோகோப் பொடி, கொஞ்சம் வெண்ணெய், டப்பாவுல வருமே கெட்டியான இனிப்புப் பால், அதை ஊத்திப் பிசைஞ்சு உருட்டினா உடம்பு ஆச்சு. தேங்காய்த் துருவல்ல பச்சைக் கலர் கலந்து அதுல புரட்டி எடுத்தா தோல். கண்ணுக்குக் கலர் மிட்டாய், பல்லுக்கு பாதாம் சீவல், நாக்குக்கு செர்ரி.

முடிக்கு என்ன பண்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் பாத்தா, தீபாவளி முடிஞ்சு மூணு நாள்தான் ஆகுது. எந்த வீட்டுல அக்கா சோன்பப்டி டப்பா இல்ல? ஆளுக்கொரு டப்பா கொண்டு வாங்கன்னு டைரியில எழுதி விட்டேன். இருபத்திரெண்டு டப்பா வந்துச்சு. ஒரு வீட்டுலேர்ந்து மட்டும் அஞ்சு. 'எல்லாத்தையும் தீர்த்துடுங்க மிஸ்'னு ஒரு சீட்டு வேற. இழை இழையாப் பிச்சுத் தலையில வெச்சா, அசல் பூதத்து முடி.

கலர் கலக்கறதுக்கு கையுறை வாங்கினேன். அதுல பிள்ளைங்க தண்ணி புடிச்சு யானைத் தும்பிக்கை விளையாடிட்டாங்க. அப்புறம் என் கைதான்.

இங்கதாங்க ஒரு தப்பு நடந்துச்சு. முப்பத்தொண்ணாம் தேதி என்ன நாள் தெரியுங்களா? நீங்க விரதம் இருந்தீங்களா? பாத்தீங்களா, நீங்களும்! சஷ்டி. சூரசம்ஹாரம். மேடம் இருபத்திரெண்டு வருஷமா விரதம். பழனாத்தா அக்கா விரதம். நானும் விரதம். எங்கம்மா கல்யாணத்துக்குன்னு இருக்கச் சொன்னாங்க. நான் மைக்குக்காக முருகன்கிட்ட வேண்டிட்டு இருந்தேன். ஆறு நாளும் காலையில பால், மத்தியானம் ஒரு வாழைப்பழம். விரதம் எல்லாருக்கும் தெரியும், விழாவும் எல்லாருக்கும் தெரியும். ரெண்டும் ஒரே நாள்ல வந்தா என்ன ஆகும்னு ஒருத்தருக்கும் தோணல. இத்தனைக்கும் பண்ணும்போதே எனக்குப் புரிஞ்சிருக்கணும். ருசி பாக்கப் பெரியவங்க ஒருத்தரும் இல்ல. அந்த வேலையை விதுன்கிட்டக் குடுத்தேன்.

"இனிப்புப் போதுமாடா?"

"இன்னும் சரியாத் தெரியல மிஸ்."

பதினோரு தடவை அவனுக்குச் சரியாத் தெரியல.

பிள்ளைங்க ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி பண்ணுச்சுங்க. ஒருத்தன் கண்ணே வைக்கல, 'தூங்கற பூதம்'னுட்டான். நிலானின்னு ஒரு பொண்ணு, அவ பூதத்துக்கு ஆறு கண்ணு.

"எதுக்குடி ஆறு?"

"எங்கம்மாவைப் பாக்கறதுக்கு மிஸ்."

அவங்கம்மாவுக்கு ஐ.டி. வேலை. பாதி நாள் நைட் ஷிஃப்ட். இவ ஸ்கூலுக்குக் கிளம்பும்போதுதான் அவங்க வீட்டுக்கு வருவாங்க. எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே ரகசியம், அம்மா வாயில தானே ஊட்டப் போறோம்னு. வீட்டுல சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். அங்கயும் தப்பு என்னோடதுதான். சொல்லியிருந்தா ஒரு அம்மாவாவது 'மிஸ், அன்னிக்கு நாங்க விரதமாச்சே'ன்னு சொல்லியிருப்பாங்க.

அவிநாசி வந்துருச்சா? நீங்க எங்க இறங்கணும்? கோபியா? நானும் கோபிதான். அப்பச் சரி.

நேத்து பன்னெண்டு மணிக்கு எல்லாரும் வந்துட்டாங்க. ஹால் நிறைய ஆளு. எல்லாருமே மூணடிக்கு மேல. ஷெரின் மிஸ் எனக்கு இங்கிலீஷ்ல ஒரு தாள் எழுதிக் குடுத்திருந்தாங்க. அவங்க நல்லவங்க அக்கா, இல்லேன்னு சொல்ல மாட்டேன். என் கையில தாளு, கையிலேர்ந்து வேர்வை, வேர்வையில பச்சை, தாளே பச்சையாயிருச்சு. மேடம் மைக்கை என் கையில குடுக்கறதுக்கு முன்னாடி, "இப்போ குழந்தைங்க தங்க கையால பண்ணின பூதத்தை அம்மாவுக்கு ஊட்டுவாங்க!"ன்னு அறிவிச்சாங்க.

பதினெட்டும் தட்டைத் தூக்கிட்டு ஓடுச்சு.

"ஐயோ, அழகா இருக்கு கண்ணு! அம்மா விரதம்டா தங்கம்."

"செல்லம், சாயந்தரம் சாப்பிடறேன், சரியா?"

"அப்பாவுக்குக் குடு அம்மணி. அம்மா இன்னிக்கு எச்சில்கூட முழுங்கலை."

நாலு பேரு விரதம் இல்லாதவங்க, வாங்கிச் சாப்பிட்டாங்க. பதினாலு பேரு வாயைத் திறக்கல. முதல்ல ஒண்ணு அழுதுச்சு. பிள்ளைங்க அழுகை எப்படின்னு உங்களுக்குத் தெரியுமில்ல, ஒண்ணு ஆரம்பிச்சா போதும். காரணமே தெரியாததுங்களும் சேந்துக்கும். சாப்பிட்ட அம்மாவோட பிள்ளையும் அழுவுது. அப்பாங்க எல்லாம் செல்போனைக் கீழ இறக்கிட்டாங்க. மேடம் என்னைப் பாக்கறாங்க. என் கையில மைக். ஆபீஸ் சேர், மின்விசிறி, ஜன்னல், எல்லாம் கண்ணுல தெரிஞ்சுச்சு.

அப்ப நிலானி என் சேலையைப் புடிச்சு இழுத்தா. அழல அவ. கோபம்.

"மிஸ், எங்கம்மா என் பூதத்தைச் சாப்பிட மாட்டேங்கறாங்க. ஏன்?"

நான் அவ உயரத்துக்குக் குனிஞ்சேன். மைக் கையில இருக்கறது மறந்துபோச்சு. சத்தியமா மறந்துபோச்சு அக்கா. அவகிட்ட மட்டும்தான் சொன்னேன்:

"எப்படிடி சாப்பிடுவாங்க? சூரன் இன்னும் சாகலையே. சம்ஹாரம் முடிஞ்சாத்தானே அம்மா சாப்பிடுவாங்க?"

ஹால் பூரா கேட்டுச்சு. அழுகை நின்னுபோச்சு. பதினெட்டு மூஞ்சியும் என்னைப் பாக்குது. நிலானி அவ தட்டைப் பாத்தா. "இதா சூரன்?"

"பின்ன? இவ்வளவு கண்ணு வேற யாருக்கு இருக்கு?"

"அப்போ வேல்?"

பூதத்தைத் தூக்கறதுக்கு ஒவ்வொரு தட்டுலயும் ஒரு ஐஸ் குச்சி வெச்சிருந்தேன். அதைக் காட்டினேன். அவ்வளவுதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நான்தான் பண்ணினேன்னு மத்தவங்க சொல்லித்தான் தெரியும். மேஜை மேல ஏறினேனாம். 'வர்றான் பாரு, யானைத் தலையோட வர்றான்!'னு கத்தினேனாம். பிள்ளைங்க 'வெற்றிவேல், வீரவேல்'னு ஹாலைச் சுத்தி ஓடுதுங்க, நான் சூரன் மாதிரி சிரிக்கறேன். மைக்ல! அஞ்சு நிமிஷம் பேசச் சொன்னாங்க, நான் இருபது நிமிஷம் கத்தியிருக்கேன். சூரன் மாமரமா நின்னான், பிள்ளைங்க குச்சியை ஓங்குச்சு, ஒரே குத்து. தட்டுல இருந்த சூரன் எல்லாம் காலி. தூங்கற பூதத்தைக் குத்தினவன் மட்டும் 'சாரி'ன்னு சொல்லிட்டுக் குத்தினான்.

"இப்பச் சாப்பிடலாமா மிஸ்?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? 'சாயந்தரம் கோயில்ல முடிஞ்சாத்தான்'னு சொல்லியிருக்கணும். மணி பன்னெண்டே முக்கால். விரதம் முடியறதுக்கு இன்னும் நாலஞ்சு மணி நேரம் இருக்கு. நான் "சாப்பிடலாம்!"னு சொல்லிட்டேன். மைக்ல.

நிலானி அம்மா ராத்திரி வேலை முடிச்சுத் தூங்காம அப்படியே வந்தவங்க. கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துச்சு. மத்த அம்மாக்களைத் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் தரையில மண்டி போட்டு ஆன்னு வாயைத் திறந்தாங்க. இவ ஆறு கண்ணோட அப்படியே உள்ள தள்ளிட்டா. "முருகா, மன்னிச்சுக்கோ"ன்னு வாய் நிறைய வெச்சுக்கிட்டே சொன்னாங்க, ஒண்ணும் புரியல, பச்சை பச்சையா வழியுது. அதைப் பாத்து அடுத்தவங்க. அப்புறம் அடுத்தவங்க. பதினாலு பேரும் அக்கா! பதினாலு பேரோட ஆறு நாள் விரதம் என்னால போச்சு. "புள்ள குடுத்தா முருகன் குடுத்த மாதிரிதானே"ன்னு ஒருத்தங்க சொன்னாங்க. எனக்கு ஆறுதலுக்காகத்தான் சொல்லியிருப்பாங்க.

அத்தோட விட்டுச்சா? விதுன் ரெண்டு பூதம் பண்ணியிருந்தான். அவனுக்கு எதுவுமே ஒண்ணு போதாது. மிச்சமிருந்ததை எடுத்துக்கிட்டு நேரா மேடம்கிட்டப் போனான். தினமும் அவனுக்கு மேடம் சொல்ற அதே குரல்ல, "மேம், ஆ காட்டுங்க. குட் கேர்ள்"னான்.

இருபத்திரெண்டு வருஷம் அக்கா. மேடம் அவன் உயரத்துக்குக் குனிஞ்சாங்க. வாயைத் திறந்தாங்க. சாப்பிட்டுட்டு அப்படியே சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. சோன்பப்டி இழை தொண்டையில சிக்கியிருக்கும். அது சிக்கினா கண்ணுல தண்ணி வந்துரும். அப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பேசவே முடியலை அவங்களால. அவ்வளவு கோபம்.

நானா? நான் சாயந்தரம்தான் சாப்பிட்டேன். மத்தவங்க விரதத்தைக் கலைச்சுட்டு என்னோடதை மட்டும் பத்திரமா முடிச்சேன். அதை நினைச்சா இன்னும் கேவலமா இருக்கு.

ஏழு மணிக்கு மேடம்கிட்டேர்ந்து மெசேஜ். இருங்க, வாசிக்கறேன். 'திங்கள் காலை பத்து மணிக்கு ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கொண்டு வரவும். வேறு ஸ்கூல் எதற்காவது அப்ளை செய்திருந்தால் இப்போதே சொல்லிவிடு.' பாத்தீங்களா? வேற ஸ்கூல் பாத்துக்கோன்னு எவ்வளவு மரியாதையாச் சொல்றாங்க. அந்த சர்ட்டிபிகேட்டை எடுக்கத்தான் இப்ப வீட்டுக்குப் போறேன். எங்கப்பா பீரோவுல வெச்சிருக்காரு. எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் காந்திபுரத்துலேர்ந்து யோசிச்சுட்டு வர்றேன்.

ஷெரின் மிஸ்கிட்டயும் கேட்டேனே. உங்க ஒரிஜினல் எங்க மிஸ்னு. "அது மூணு வருஷமா மேடம் பீரோவுல கிடக்குப்பா, நான் கேட்டாக்கூடத் தர மாட்டேங்கறாங்க"ன்னாங்க. அவங்க கதை வேற. அவங்களை மேடம் விடவே மாட்டாங்க. அவங்க இங்கிலீஷ் அப்படி.

ஏன் அக்கா சிரிக்கறீங்க? நான் இவ்வளவு வருத்தமா சொல்லிட்டு வர்றேன்.

அவங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடறதுதான் மரியாதைன்னு ஒரு லெட்டர் டைப் பண்ணி வெச்சிருக்கேன். 'சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' பேசறதுன்னாத்தான் எனக்கு வராது, எழுதறது வரும். குன்னத்தூர் தாண்டினதும் அனுப்பிடலாம்னு இருக்கேன். அங்கதான் டவர் நல்லா வரும். வந்துருச்சா? அப்ப இதோ... அக்கா! ஃபோனைக் குடுங்க. அக்கா, என்ன பண்றீங்க? சர்ட்டிபிகேட்டை எதுக்கு வாங்கி வெப்பாங்கன்னா? எதுக்கு? ஓடிப் போகாம இருக்கவா? யாரு, நானா? என்னையெல்லாம் யாருக்கா புடிச்சு வெக்கப் போறாங்க? சும்மா சொல்லாதீங்க.

அது பேரண்ட்ஸ் குரூப். அதைத் திறக்காதீங்க. நேத்துலேர்ந்து நூத்துப் பன்னெண்டு மெசேஜ் வந்து கிடக்கு, பயத்துல நான் ஒண்ணுகூடப் பாக்கல. எல்லாம் விரதத்தைப் பத்தித்தான் இருக்கும். ஐயோ, வாய்ஸ் மெசேஜ், சத்தமா வெக்காதீங்க, கண்டக்டர் பாக்கறாரு...

நிலானி!

இன்னொரு தடவை வைங்க.

'மிஸ், எங்கம்மா இன்னிக்குத் தூங்கவே இல்ல, என்கூட சூரன் விளையாட்டு விளையாடினாங்க. மிஸ், யானைத் தலை வந்துச்சு, சிங்கத் தலை வரவே இல்லையே. சூரனோட தம்பி. அவன் திங்கக்கிழமை வருவானா?'

எப்படி ஞாபகம் வெச்சுக் கேக்கறா பாருங்க! யானையை முடிச்சதும் நான் நேரா மாமரத்துக்குப் போயிட்டேன். அவசரத்துல சிங்கமுகனை விட்டுட்டேன். அவ சொல்றது சரிதான், தம்பியை விட்டுட்டு அண்ணனை எப்படி முடிக்கறது?

ஆனா திங்கக்கிழமைன்னா நடுவுல நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. சிங்கத்துக்கு இந்தப் பச்சை ஆகாது. பொட்டுக்கடலை மாவுல நாட்டுச்சர்க்கரையும் நெய்யும் போட்டு உருட்டினா சிங்கத்துக்குச் சரியான நிறம் வரும், அதுக்கும் அடுப்பு வேண்டாம். பிடரிக்குத்தான்... ஓமப்பொடி! ஓமப்பொடியைச் சுத்தி ஒட்டிவிட்டா எப்படி இருக்கும் அக்கா? அப்படியே சிலுத்துக்கிட்டு நிக்கும்ல?

லெட்டரா? எந்த லெட்டரு? ஓ, அது கிடக்கட்டுங்க. கோபி பஸ் ஸ்டாண்டுகிட்ட அந்த ஸ்வீட் ஸ்டால் எத்தனை மணி வரைக்கும் திறந்திருப்பாங்க? பதினெட்டு சிங்கத்துக்கு அரைக் கிலோ ஓமப்பொடி போதுங்களா?